தோள் அண்ணனின் மனைவி

'டக்' என்று மண்டையின் மேல் யாரோ சுத்தியலால் தட்டியது போல ஒரு சத்தம். அதே நொடியில், நாற்காலியின் கைப்பிடியில் செத்த மீன் போலக் கிடந்த அவளுடைய வலது கட்டைவிரல் துள்ளி எழுந்து மறுபடி விழுந்தது.

அவள் அசைக்கவில்லை. அது தானாகத் துள்ளியது.

"பயப்படாதீங்கம்மா. விரல் எந்த அளவுல துள்ளுதுன்னு பார்த்துட்டுத்தான் சிகிச்சைக்கு அளவு வைப்போம்," என்றார் டெக்னீஷியன். தொந்தி விழுந்த மனிதர். எப்போதும் ஒரு புதினா மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு பேசுவார். "ஒவ்வொரு மண்டைக்கும் ஒவ்வொரு அளவு. சிலருக்கு லேசாத் தட்டினாலே விரல் ஆடும். சிலருக்கு இடி விழணும்."

"எனக்கு?"

"நடுவாந்தரம். நல்ல மண்டை."

இரண்டு வருடமாக அவளிடம் இருக்கும் எதையும் யாரும் நல்லது என்று சொன்னதில்லை. சொன்னதைக் கேட்டுச் சந்தோஷப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனால் சந்தோஷம் வரவில்லை. துக்கமும் வரவில்லை. அதுதான் அவளுடைய நோய்.

டெக்னீஷியன் இரண்டு மஞ்சள் நிறப் பஞ்சு அடைப்பான்களை உருட்டி அவள் காதில் வைத்தார். "இனிமேல் தட்டல் வரிசையா வரும். கொஞ்ச நேரம் தட்டும், அப்புறம் அரை நிமிஷம் போல ஓயும், மறுபடி தட்டும். இந்த அடைப்பான் சத்தத்தோட கூர்மையைத்தான் குறைக்கும், காதை மூடிடாது. தட்டல் ஓஞ்ச நேரத்துல நான் பேசறது உங்களுக்குக் கேட்கும். தோளைத் தளர்த்துங்கன்னு சொன்னா தளர்த்தணும், சரியா?"

அவள் தலையசைத்தாள். டெக்னீஷியன் தன் காதில் பெரிய கிண்ணம் போன்ற காதுமூடியை மாட்டிக்கொண்டார். நாளெல்லாம் அந்த இயந்திரத்தோடு இருப்பவர், அவருக்கு அது கட்டாயம்.

இந்த விளக்கம் நடந்தபோது அவள் கணவர் அறையில் இல்லை. வெளியே வராந்தாவில், செல்போனைக் கம்பில் மாட்டிப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்.

"உறவுகளே, இன்னைக்கு உங்க அண்ணி ஒரு பெரிய போராட்டத்துக்குள்ள போயிருக்காங்க. உள்ளே படம் எடுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. ஆனா இந்தத் தோள் வெளியே காத்துக்கிட்டுதான் இருக்கு."

தோள் என்றால் அவருடைய தோள். 'சாய ஒரு தோள்' என்பது அவர் நடத்தும் வீடியோ சேனல். நோயில் விழுந்த மனைவியைக் கண்ணின் இமை போலக் காக்கும் கணவர் என்று ஊரெல்லாம் பேர். பார்ப்பவர்கள் அவரைத் தோள் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். காய் வாங்கப் போனாலும் இரண்டு பேர் வந்து கூட நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். இந்த ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேசைப் பெண்ணே முதல் நாள் எழுந்து நின்று, "அண்ணா, உங்களை மாதிரி ஒருத்தர் எனக்கும் கிடைக்கணும்" என்று கண் கலங்கினாள்.

நோயில் விழுவதற்கு முன் அவள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தீட்டிக்கொண்டிருந்தாள். ஃபிரேமின் வளைவுக்குத் தக்கபடி லென்ஸின் விளிம்பைத் தேய்த்து, மயிரிழை கூடாமல் குறையாமல் உட்கார வைக்கிற வேலை. கடை முதலாளி 'லென்ஸம்மா' என்றுதான் அழைப்பார். ஒருநாள் வேலை மேசையில், கையில் ஒரு லென்ஸை வைத்துக்கொண்டு, எவரும் எதையும் எதற்காகத் தெளிவாகப் பார்க்க வேண்டும் என்று யோசித்தாள். விடை கிடைக்கவில்லை. அன்று வீட்டுக்கு வந்து படுத்தவள்தான். இரண்டு விதமான மாத்திரைகள் கொடுத்துப் பார்த்தார்கள். முதலாவது ஒன்றும் செய்யவில்லை. இரண்டாவது அவளை இன்னும் நன்றாகப் படுக்க வைத்தது.

அப்போதுதான் பெரிய டாக்டர் இந்த ஆய்வைப் பற்றிச் சொன்னார். மாத்திரையில் மனச்சோர்வு தீராதவர்களுக்குத் தலைக்கு மேல் காந்தத்தை வைத்து மூளையைத் தூண்டிப் பார்க்கிறார்கள். சேருகிறவர்களில் பாதிப் பேருக்கு உண்மையான காந்தம். மீதிப் பேருக்கு வெறும் சத்தமும் தட்டலும். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, டெக்னீஷியனுக்கும் தெரியாது. வாரத்தில் ஐந்து நாள் வர வேண்டும். கூடவே ஒரே வீட்டில் வசிக்கும் ஒருவர் துணைக்கு வந்து, நோயாளி வீட்டில் எப்படி இருக்கிறாள் என்று வாரம் ஒருமுறை சொல்ல வேண்டும்.

"துணை இல்லாம நடத்த மாட்டோம். அது விதி. யாரா இருந்தாலும் சரி, அவங்களோட ஒரே கூரையில இருக்கறவங்களா இருக்கணும்," என்றார் டாக்டர்.

"நான் இருக்கேன் டாக்டர். இவளுக்கு என்னை விட்டா யாரு?" என்று கணவர் அவள் தோளில் கை வைத்தார். டாக்டர் அவளைப் பார்த்து, உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லக் கொஞ்சம் தெம்பு வேண்டும். அது இல்லாததால் சரி என்றாள்.

வீட்டில் அவர்களோடு மாமியார் இருந்தாள். அக்கம்பக்கத்தில் அவளுக்கு நல்ல பேர் கிடையாது. காரணம், மருமகளுக்குப் படுக்கையில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்க மாட்டாள். தட்டைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு, "வேணும்னா எழுந்து வந்து தின்னட்டும், கால் இருக்குல்ல?" என்பாள். காலையில் வந்து திரையை 'சர்'ரென்று இழுத்துத் திறப்பாள். அவள் போனதும் மகன் வந்து மூடுவார். மங்கலான வெளிச்சத்தில்தான் வீடியோ நன்றாக வருமாம்.

"என் அம்மா முதுகுவலியில வருஷக்கணக்காப் படுத்த படுக்கையா இருந்தாங்க," என்று அவர் பல வீடியோக்களில் சொல்லியிருக்கிறார். "அப்போ நான் சின்னப் பையன். என் அப்பாதான் அம்மாவைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கிட்டார். தாங்கறது எங்க ரத்தத்திலேயே இருக்கு உறவுகளே." அப்போது சட்டைப் பையிலிருந்து ஒரு தைலப் புட்டியை எடுத்துக் காட்டுவார். அம்மாவின் முதுகுக்கு அப்பா தேய்த்த அதே தைலமாம்.

அந்தத் தைலத்தை மாமியார் தொட்டு அவள் பார்த்ததில்லை. முதுகு உடைந்த கிழவி என்று ஊர் நினைக்கிற அந்த அம்மாள், நிரம்பிய கேஸ் சிலிண்டரை ஒற்றை ஆளாக உருட்டிக்கொண்டு போவாள்.

தைலம் வேறு ஒரு வேலைக்குத்தான் பயன்பட்டது. வீடியோ எடுப்பதற்கு முன் கணவர் அதில் ஒரு துளியைக் கண்ணுக்குக் கீழே தடவிக்கொள்வார். கண்ணீர் தாரை தாரையாக வரும்.

இதையெல்லாம் அவள் இரண்டு வருடமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். மழை பெய்வதைப் பார்ப்பது போல. அது பாட்டுக்கு அது, நான் பாட்டுக்கு நான்.

சிகிச்சை தொடங்கிச் சில வாரங்கள் போன பிறகு, ஒரு மதியம் அது மாறியது.

கணவர் கஞ்சிக் கிண்ணத்தோடு வந்து கட்டிலில் உட்கார்ந்தார். எதிரே செல்போன் நின்றது. ஒரு கரண்டி எடுத்து, வாயருகே கொண்டுபோய், 'ஃபூ' என்று ஊதினார். கஞ்சி ஏற்கெனவே ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. ஊதியதில் எச்சில் துளி ஒன்று கரண்டியில் விழுந்ததை அவள் பார்த்தாள். வாயைத் திறந்தாள். வாங்கிக்கொண்டாள்.

"இரு, இரு. முழுங்காதே. என் தலை மறைச்சிடுச்சு. துப்பு, இன்னொரு தடவை எடுக்கலாம்."

கிண்ணத்தை நீட்டினார். துப்பினாள். அதே கஞ்சியை அதே கரண்டியால் அள்ளி, மறுபடி 'ஃபூ' என்று ஊதி நீட்டினார். அவர் முகம் மிக அருகில் இருந்தது. மூக்குக்கண்ணாடியில் விரல் ரேகைகள். மூக்கில் படும் இடத்தில் பச்சையாக அழுக்கு. இடது லென்ஸில் காய்ந்த சோப்பு நுரையோ பல்பொடியோ, ஒரு வெள்ளைப் பொட்டு. வாயில் காலை சாப்பிட்டதன் மணம்.

அவள் வயிற்றிலிருந்து ஏதோ புரண்டு எழுந்தது. குமட்டலா என்று பார்த்தாள். குமட்டல்தான், ஆனால் அதற்கு மேலும் ஏதோ இருந்தது. கஞ்சி மேல் மட்டும் இல்லை அது. கரண்டி மேல், கண்ணாடி மேல், அந்த ஊதும் உதடுகள் மேல்.

அருவருப்பு. இரண்டு வருடம் கழித்து அவளுக்குத் திரும்பக் கிடைத்த முதல் உணர்ச்சி அதுதான். பசி திரும்பியிருக்கலாம், பாட்டுக் கேட்கும் ஆசை திரும்பியிருக்கலாம். எல்லாவற்றுக்கும் முன்னால் இது வந்து கதவைத் தட்டியது.

கரண்டியைக் கையால் தள்ளினாள்.

"ஏய், என்ன பண்றே?"

"உங்க கண்ணாடியைத் துடைங்க," என்றாள். தன் குரலே அவளுக்கு வேறு யாருடையதோ போலக் கேட்டது.

அந்த வார நேர்காணலுக்குப் போனபோது, ஆய்வில் கேள்வி கேட்கும் பெண்மணி எதிரே உட்கார்ந்தாள். அவள் பேரை யாரும் சொல்வதில்லை. எல்லோருக்கும் அவள் கேள்வி மேடம்தான்.

"போன வாரத்துல எதையாவது அனுபவிச்சுச் செஞ்சீங்களா? சந்தோஷமா இருந்தீங்களா?"

"இல்லை."

"அழுகை வந்துச்சா?"

"இல்லை. அருவருப்பு வந்துச்சு."

கேள்வி மேடம் நிமிர்ந்தாள். "என்னது?"

"அருவருப்பு மேடம். குமட்டிக்கிட்டு வருது. வாஷ்பேசின் பார்த்தா வருது. தலையணை உறையைப் பார்த்தா வருது. நான் இத்தனை நாள் அதுலயா படுத்திருந்தேன்னு இருக்கு."

"அப்படி ஒரு கேள்வியே எங்ககிட்ட இல்லையே," என்று சிரித்த மேடம், பிறகு சிரிப்பை நிறுத்தி அவளை உற்றுப் பார்த்தாள். "யார் மேலயாவது வருதா?"

கண்ணாடிக் கதவுக்கு வெளியே கணவர் வரவேற்புப் பெண்ணோடு நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார். தலையைச் சாய்த்து, தோளை முன்னால் தள்ளி. அவள் நாற்காலியைக் கதவுக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலை மாமியார் திரையை இழுத்தபோது அவள் ஏற்கெனவே எழுந்து நின்றுகொண்டிருந்தாள். நேராகச் சமையலறைக்குப் போனாள். தொட்டியில் எண்ணெய்ப் பிசுக்கும் மூலையில் கறுப்பு வழவழப்பும். பார்த்ததும் ஓங்கரித்தது. இரண்டு கையாலும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாமியார் பின்னால் வந்தாள். நாரும் சோப்பும் எடுத்து அவள் கையருகே வைத்துவிட்டு நகர்ந்தாள்.

தேய்த்தாள். லென்ஸ் தீட்டிய கை. மூலையை விடவில்லை, குழாய்க்குப் பின்னால் விடவில்லை. தொட்டி பளபளத்தபோது மூச்சு வாங்கியது. நன்றாக இருந்தது.

"என்ன இது?" கணவர் வாசலில் நின்றார். செல்போன் கையில் இருந்தது, ஆனால் அதைத் தூக்கவில்லை. "நீ எதுக்கு எழுந்தே? போய்ப் படு."

"எழுந்தாத்தான் என்ன?"

"டாக்டர் ஓய்வெடுக்கச் சொல்லியிருக்கார்ல?"

"சொல்லலையே."

"அம்மா, நீதான் இவளை வேலை வாங்கினியா? உடம்பு சரியில்லாதவளை..."

"நான் ஒண்ணும் சொல்லலப்பா," என்றாள் மாமியார், முகத்தைத் திருப்பாமலே. "உன் தோள் இருக்கும்போது என் கையும் காலும் எந்த மூலைக்கு?"

அவருடைய முகத்தை அவள் பார்த்தாள். ஒரு கணவனுக்கு அந்த நேரத்தில் என்ன முகம் இருக்க வேண்டுமோ அது இல்லை. கடையில் எடுத்து வைத்திருந்த சரக்கு கெட்டுப்போய்விட்டதைப் பார்க்கிற வியாபாரியின் முகம்.

அன்றைய சிகிச்சையின்போதுதான் அவர் அந்தத் தப்பைச் செய்தார்.

அவர் வழக்கமாக அறையின் மூலையில், இயந்திரத்துக்கு எட்டத் தள்ளிப் போட்ட நாற்காலியில் உட்காருவார். அவள் காதில் மஞ்சள் அடைப்பான், டெக்னீஷியன் தலையில் கிண்ணம். பூனை தன் கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டது என்று நினைக்குமாம். இவர் ஒருபடி மேலே. அடுத்தவர் காதை மூடிவிட்டதால் தான் பேசுவது உலகத்துக்கே கேட்காது என்று நினைத்தார். ஒருநாளாவது அந்த இடைவெளியில் அவளிடம், வலிக்குதா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அவள் பதில் சொல்லியிருப்பாள், அவருக்கும் விஷயம் தெரிந்திருக்கும். ஆனால் கேமரா இல்லாத இடத்தில் அவர் அவளிடம் பரிவாகப் பேசியதே இல்லை.

செல்போன் அதிர்ந்தது. எடுத்தார். வீடியோக்களை வெட்டி ஒட்டிக் கொடுக்கும் எடிட்டர்தான்.

"சொல்லுய்யா. பேசலாம், பேசலாம். ரெண்டு பேருக்கும் காது அடைச்சிருக்கு."

டகடகடகடகடக.

மண்டையில் மரங்கொத்தி கொத்தியது. இடது புருவம் தானாக வெட்டியது. ஓய்ந்தது.

"...மெத்தைக் கம்பெனிக்காரன் அவசரப்படறான். விளம்பரத்துக்கு அவ படுத்திருக்கிற மாதிரிதான் வேணுமாம். இவ என்னடான்னா பாத்திரம் தேய்க்கிறா."

டகடகடகடகடக.

"...அட, எழுந்து சமைக்கிறவளை எவன்யா பார்ப்பான்? அது எல்லார் வீட்டிலயும் இருக்கு. படுத்தாத்தான் அவ அண்ணி. எழுந்துட்டா வெறும் பொம்பளை."

எடிட்டர் ஏதோ சொன்னான் போலிருக்கிறது. கணவர் சிரித்தார். டகடகடகடகடக. அந்த முறை தட்டல் எப்போது ஓயும் என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"...யோசிச்சுட்டேன். நாளைக்கு டாக்டரைப் பார்க்கணும்ல, அப்போ சொல்லிடறேன், இவளுக்கு வெறி வருது, கத்தியைத் தூக்கறான்னு. உடனே ட்ரையல்லேருந்து எடுத்துடுவாங்க. அப்புறம் பழைய மாத்திரைதான். அந்த ரெண்டாவது மாத்திரை இருக்கே, அது போட்டா பூனைக்குட்டி மாதிரி கிடப்பா. அந்தக் கண்ணாடிக் கடைக்காரன் வேற போன் பண்ணான். இவ ஸ்டூல்ல யாரையும் உட்கார வைக்கலையாம், தூசிதான் உட்கார்ந்திருக்காம், எப்ப வருவான்னு கேட்கிறான். இனி வரவே மாட்டான்னு சொல்லிட்டேன்."

"தோளைத் தளர்த்துங்கம்மா," என்றார் டெக்னீஷியன். "ரொம்ப இறுக்கமா இருக்கீங்க."

அவள் தளர்த்தினாள். தளர்த்தக் கஷ்டமாக இருந்தது. மூலையில் தொடைமேல் தொடை போட்டு உட்கார்ந்து, செருப்பை ஆட்டிக்கொண்டு, அவளை மெத்தையோடு சேர்த்து விற்றுக்கொண்டிருக்கும் மனிதரைத் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று இருந்தாள். பார்த்தால் அங்கேயே வாந்தி எடுத்துவிடுவாள்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தாள். டாக்டரிடம் சொல்லலாம். யார் நம்புவார்கள்? ஒரு பக்கம் ஊரே கொண்டாடும் தோள் அண்ணன். இன்னொரு பக்கம் மூளைக்கு வைத்தியம் பார்க்க வந்தவள். அப்படியே நம்பினாலும் துணையில்லாமல் சிகிச்சை கிடையாது. மறுபடி அந்த மங்கல் அறை, அந்தத் தலையணை உறை, அந்தக் கரண்டி. நோய் திரும்பிவிடுமே என்றுகூட அவள் பயப்படவில்லை. இந்த அருவருப்பு போய்விடுமே என்று பயந்தாள். அது போய்விட்டால் அவள் மறுபடி வாயைத் திறப்பாள். வாங்கிக்கொள்வாள்.

சாயங்காலம் மாமியார் சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அத்தை."

"ம்."

"நாளைக்கு நீங்க என்கூட ஆஸ்பத்திரிக்கு வர்றீங்களா?"

"அங்கே எனக்கென்ன வேலை? மண்டையில தட்டறாங்களாம், வேடிக்கை பார்க்கவா?"

"அவர் என்னை நிறுத்தப் போறார் அத்தை. கத்தியைத் தூக்கறேன்னு சொல்லப் போறார்."

கத்தி ஒரு நொடி நின்றது. பிறகு நறுக்கியது. மாமியார் திரும்பியே பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அவள் அறைக்குத் திரும்பினாள்.

காலையில் கார்க் கதவைத் திறந்தபோது பின் இருக்கையில் மாமியார் உட்கார்ந்திருந்தாள். வெளியே போகும் செருப்பு, மடியில் கைப்பை.

"நீ எங்கம்மா?" என்றார் கணவர்.

"ஏன், உன் வீடியோவுல முதுகொடிஞ்ச கிழவின்னு என்னைக் காட்டினியே. அந்த முதுகு கார்ல வரக்கூடாதா? வண்டியை எடு."

டாக்டர் அறைக்குள் நுழைவதற்கு முன் கணவர் கழிவறைக்குப் போய் வந்தார். நாற்காலியில் உட்கார்ந்ததும் அவருக்குக் கண்ணீர் வந்துவிட்டது. தைல வாடை அறையெங்கும் பரவியது. அவள் மூக்கைச் சுளித்தாள்.

"எப்படிச் சொல்றதுன்னு தெரியல டாக்டர்," என்று குரலை உடைத்தார். "இவ என்னைக் கொல்ல வந்தா. சமையலறையில கத்தியோட நின்னா. என் உயிர் போனாப் பரவாயில்ல, இவளுக்கு ஏதாவது ஆயிட்டா? இந்தக் காந்தம் இவளுக்கு ஒத்துக்கல டாக்டர். நிறுத்திடுங்க. பழைய மாத்திரையே போதும்."

டாக்டர் அவளைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க."

"நான் பாத்திரத் தொட்டி தேய்ச்சேன் டாக்டர். கையில நார்தான் இருந்துச்சு," என்றாள். வார்த்தைகள் வரிசையில் நின்றன. "இவர் நேத்து உங்க சிகிச்சை அறையில உட்கார்ந்து போன்ல பேசினார். மெத்தைக் கம்பெனிக்கு நான் படுத்திருக்கணுமாம். வெறி வருதுன்னு உங்ககிட்ட சொன்னா நீங்க என்னை எடுத்துடுவீங்களாம். எழுந்துட்டா நான் வெறும் பொம்பளையாம்."

கணவரின் கண்ணீர் நின்றது. ஒரு நொடிதான். பிறகு சோகமாகச் சிரித்தார்.

"பார்த்தீங்களா டாக்டர்? காதை இறுக அடைச்சு வச்சிருக்காங்க, மேல இடி மாதிரி இயந்திரம் தட்டுது. இவளுக்கு என் குரல் கேட்குதாம். இப்போ இல்லாத குரலெல்லாம் கேட்க ஆரம்பிச்சிடுச்சு. இதுக்கு மேலயும் நீங்க யோசிக்கணுமா?"

இல்லாத குரல் கேட்பவர்களை இந்த ஆய்வில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். முதல் நாளே சொல்லியிருந்தார்கள். பேசித் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டோமோ என்று நினைத்தாள்.

டாக்டர் பேனாவை மூடி மேசைமேல் வைத்தார்.

"சார், அந்த அடைப்பான் சத்தத்தைக் குறைக்கத்தான். இடைவெளியில எங்க ஆள் அது வழியாத்தான் இவங்ககிட்ட பேசறார். தினமும்."

அறையில் தைல வாடை மட்டும் இருந்தது.

கணவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியால் துடைத்தார். அழுக்கு ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போனது. அதைப் பார்க்க அவளுக்குச் சகிக்கவில்லை.

மறுபடி மாட்டிக்கொண்டபோது அவர் வேறு ஆள். உறவுகளே என்று குழையும் குரல் போய்விட்டிருந்தது.

"சரி. என் பேச்சுக்கு இவ்வளவுதான் மரியாதைன்னா நான் இவளோட துணைக்கு வரல. துணை இல்லாம நீங்க நடத்தக் கூடாது. உங்க விதிதானே?"

"விதிதான்," என்றார் டாக்டர், மெதுவாக. "வீட்டில வேற யாராவது..."

"யாரும் இல்ல."

"நான் இருக்கேன்," என்றாள் மாமியார்.

அதுவரை அவள் கைப்பையைக் கட்டிக்கொண்டு, மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் அவள் பக்கம் திரும்பினார்.

"தினமும் வரணும்மா. வாரா வாரம் கேள்வி கேட்பாங்க. இவங்க எப்படித் தூங்கறாங்க, எப்படிச் சாப்பிடறாங்கன்னு உண்மையைச் சொல்லணும்."

"சொல்றேன். இவ ஒழுங்காத் தேய்க்கலைன்னாலும் சொல்லுவேன்."

கணவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "அம்மா, சும்மா இரு. இவளுக்கு ஒரு டம்ளர் தண்ணி எடுத்துக் கொடுத்திருக்கியா நீ? உனக்கு என்ன தெரியும் இந்த வியாதியைப் பத்தி? உனக்கு வந்தது முதுகுவலி. இது மனசு சம்பந்தப்பட்டது."

மாமியார் மகனின் சட்டைப் பையைப் பார்த்தாள். அங்கே தைலப் புட்டி துருத்திக்கொண்டிருந்தது. கையை நீட்டி அதை உருவினாள். முகர்ந்து பார்த்து, முகம் கோணி, டாக்டரின் மேசைக்குக் கீழே இருந்த குப்பைத் தொட்டியில் போட்டாள். பிறகு மருமகளின் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"படுத்துக் கிடந்த அத்தனை வருஷத்துல எனக்கு முதுகுல ஒரு நாளும் வலி இருந்ததில்லடா. ஊருக்குச் சொல்றதுக்காக உங்கப்பா வச்ச பேரு அது."